ஓடர் ரொறன்ரோவில், பொதி நல்லூரில்

அம்மாவின் குசினி அலுமாரியில் ஏழு பக்கற் மிளகாய்த்தூள் அடுக்கியிருந்தது. ஒன்றைக்கூட வெட்டவில்லை. பக்கத்தில் கோர்ன் ஃபிளேக்ஸ் பெட்டி மூன்று, ஓட்ஸ் ஒன்று. எல்லாம் கனடாவிலிருந்து நான் போட்ட ஓடர்கள். இரண்டு வருடமாக மாதத்துக்கு ஒரு தடவை, ரொறன்ரோ பஸ்ஸில் இருந்தபடி போனில் நாலு தட்டு. அடுத்த நாள் யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்குவான். "வந்திட்டுது மோனை" என்பார் அம்மா. அதற்கு மேல் அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"ஏனம்மா ஒண்டையும் பாவிக்கேல்லை?"

"தனி மிளகாயை வச்சு என்னத்தைச் சமைக்கிறது? நான் வறுத்து மில்லில குடுத்துத்தானே தூள் அரைப்பிக்கிறனான். உனக்குத் தெரியாதோ?"

தெரியும். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், ஒரு பிடி கறிவேப்பிலை, எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து ஒன்றாக அரைத்தால்தான் எங்கள் வீட்டில் அதற்குத் தூள் என்று பெயர். செயலியில் மிளகாய்த்தூள் ஒரு பக்கம், கறித்தூள் ஒரு பக்கம் எனக் கொழும்புக் கணக்கில் கிடக்கும். முதல் நாள் அவசரத்தில் ஒன்றைக் கூடையில் போட்டேன். பிறகு ஒவ்வொரு மாதமும், பழைய ஓடரை அப்படியே திரும்பப் போடுகிற பொத்தானை அழுத்திக்கொண்டு வந்திருக்கிறேன். கறிவேப்பிலையும் அப்படித்தான் போயிருக்கிறது. கிணற்றடியில் கூரை உயரத்துக்குக் கறிவேப்பிலை மரம் நிற்கிற வீட்டுக்கு, மாதம் ஒரு பக்கற் கறிவேப்பிலை.

சரி, இந்த முறை ஐந்து கிழமை நிற்கிறோமே, பொதி வாங்குகிற பக்கத்தில் நின்று ஒரு தரம் பார்ப்போம் என்று நினைத்தேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் கிளை உள்ள பெரிய சுப்பர் மார்க்கெட் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடை பணம் கட்டுவதில் வந்தது. கட்டுநாயக்காவில் இறங்கியதும் வழமைபோலக் கனடா சிம்மைக் கழற்றிப் பேர்சுக்குள் வைத்துவிட்டு உள்ளூர்ச் சிம் போட்டிருந்தேன். கூடையை நிரப்பி, கார்ட் இலக்கம் அடித்து முடிந்ததும், இரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், அதை இடுங்கள் என்று திரை காத்துக்கொண்டு நிற்கிறது. எண் போன இடமோ பேர்சுக்குள் கிடக்கிற சிம். அதை எடுத்துப் போட்டு, ரோமிங்கைத் திறந்து, எண் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை முயன்றால் வங்கி கார்டையே பூட்டிவிடுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். வருகிறவர்கள் இரண்டு சிம் போடக்கூடிய போனோடு வாருங்கள், வெளிக்கிட முதலே ரோமிங்கைத் திறந்து வையுங்கள். இன்னொன்று, கனடா கார்ட்டுகள் பெரும்பாலும் ரூபாய்க் கணக்குக்கு இரண்டரை வீதம் மேலதிகமாக எடுக்கும். ஒரு கூடைக்குப் பெரிதாகத் தெரியாது. இரண்டு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தேன், பிறகு கூட்டிப் பார்த்திருக்கவே வேண்டாம் என்று நினைத்தேன்.

கடைசியில், பொருள் கையில் வந்ததும் காசு கொடுக்கிற முறையைத் தெரிவு செய்தேன். அதுதான் எல்லாவற்றிலும் நல்லதாக முடிந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஓடர் போட்ட அடுத்த நாள் காலை பத்து மணிக்கு ஒரு பிள்ளை போன் எடுத்தது. "சேர், நீங்கள் கேட்ட நல்லெண்ணெய் அரை லீற்றர்ப் போத்தல் முடிஞ்சுது. ஒரு லீற்றர் இருக்கு, போடட்டோ?"

நல்ல தமிழ், நல்ல பணிவு. போடச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கோடையில் இலங்கை நேரம் ரொறன்ரோவுக்கு ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை பத்து என்றால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. இரண்டு வருடமாக இந்தப் பிள்ளையோ இவளைப்போல இன்னொருத்தியோ ஒவ்வொரு மாதமும் எனக்கு அழைத்திருக்கிறார்கள். நான் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நித்திரை. பதில் வராத பொருளை வெட்டிவிட்டுப் பொதியைக் கட்டியிருக்கிறார்கள். நான் காலையில் எழும்பி, தெரியாத இலக்கம் என்று அழித்துவிட்டு, 'கேட்ட சாமான் வரவில்லை' என்று முறைப்பாடு எழுதியிருக்கிறேன். அதுவும் காரமாக. அந்தக் கடிதங்களை வாசித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க வழி தெரியவில்லை.

பத்தரை மணிக்கு அடுத்த அழைப்பு.

"அண்ணை, நான் ஒழுங்கைக்குள்ள நிக்கிறன். வீடு தெரியேல்லை."

"முன்னுக்கு என்ன தெரியுது?"

"ஒரு மதில். மதிலுக்கு அங்கால ஓட்டுக் கூரை, ஒரு முருங்கை."

அது எங்கள் பின்வளவு. எங்கள் வீடு முத்திரைச்சந்திக்குக் கிட்ட, ஒழுங்கைக்குள் ஒழுங்கை. மாநகரசபை இலக்கம் இருக்கிறது, ஆனால் அந்தத் தகட்டுக்கு மேலால் இரண்டு தரம் பெயின்ற் அடித்தாகிவிட்டது. செயலியின் வரைபடத்தில் நான் ரொறன்ரோவிலிருந்து வைத்த குறி கூரையின் நடுவில் அழகாக இருந்தது. கூரைக்குக் கிட்டின வீதி பின்பக்க ஒழுங்கை. அங்கே வாசல் இல்லை. செயலி என்ன செய்யும், கிட்டின வீதிக்குத்தானே ஆளை அனுப்பும்.

"சுத்தி முன்பக்கம் வாங்கோ தம்பி, வைரவர் கோயிலடியால திரும்பினால் பச்சைத் தகரப் படலை."

"ஓ, பச்சைப் படலை அம்மா வீடோ? முதலே சொல்லியிருக்கலாமே!"

வந்தவன் தன் போனைக் காட்டினான். அம்மாவின் இலக்கம் 'பச்சைப் படலை அம்மா' என்று பதிந்திருந்தது. ஓடரில் இருந்த என் கனடா இலக்கத்துக்கு எடுத்தால் அவனுடைய காசு போகும், ஆளும் எடுக்காது. ஆகவே முதல் மாதமே அம்மாவிடம் இலக்கம் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தையும் ஓட்டியிருக்கிறார்கள். இன்று உள்ளூர் இலக்கத்தோடு புது ஓடர் என்றதும் புது வீடு என்று நினைத்துவிட்டான். படலையில் நின்றபடியே வரைபடக் குறியை நகர்த்தினேன். அரை நிமிட வேலை.

சாமான்களை விறாந்தையில் பரப்பினோம். அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கித் திகதி பார்த்தார். பால்மா, மைசூர்ப் பருப்பு, சீனி, தேயிலை எல்லாம் திகதி நிறைய இருந்தது. விலையும் சந்திக் கடையோடு பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டொன்று குறைவு. பொதி செய்த சாமானில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கத்தரிக்காயைக் கையில் எடுத்தவர் காம்பைத் திருப்பிப் பார்த்தார், பெருவிரலால் ஒரு அமத்து அமத்தினார், திரும்ப வைத்தார். முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. காம்பு காய்ந்து கறுத்திருந்தது, அமத்தின இடம் குழியாகவே நின்றது. திருநெல்வேலிச் சந்தையில் விடிய வந்து இறங்குகிற கத்தரிக்காய் காம்பு முள் குத்தும். மூன்று கிலோமீற்றருக்குள் அப்படி ஒரு சந்தையை வைத்துக்கொண்டு குளிரூட்டிய அறைக் கத்தரிக்காய் வாங்கியது என் பிழை. மரக்கறியையும் மீனையும் செயலியில் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

தேங்காயெண்ணெய்ப் போத்தலின் மூடி இளகி, பிஸ்கற் பக்கற்றெல்லாம் எண்ணெய். காசு கொடுக்க முதலே கண்டதால் அந்தப் பெடியன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு, கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டு, பில்லில் பேனையால் வெட்டி, மிச்சத்தைக் கூட்டிச் சொன்னான். மூன்று நிமிடம். ஒருமுறை கார்டில் கட்டிய ஓடரில் இப்படி உடைந்த சாமானுக்குக் காசு திரும்ப வர நான் கிழமைக்கணக்கில் மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன்.

சவர்க்காரம் மட்டும் அம்மாவுக்கு ஒருபோதும் கூடியதில்லை. ட்ரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். இரண்டு வருடத்தில் நான் அனுப்பியதில் பாதி அதற்குள் இருக்கிறது, நெருப்புப் பெட்டியோடும் மெழுகுதிரியோடும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரத் தடை இருந்த காலத்தில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த கை அது. "அது கிடக்கட்டும்" என்று பெட்டியை மூடினார்.

பிறகு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. 25 நாளும் கோயிலைச் சுற்றின வீதிகள் வாகனத்துக்குப் பூட்டு. செயலிக்கு இதொன்றும் தெரியாது. வழமைபோல வந்து சேரும் நேரத்தைக் காட்டியது, வழமைபோல 'இன்றைய சலுகை' என்று கோழியையும் காட்டியது. வீட்டில் மச்சச் சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. பெடியன் தடுப்புக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டு, அஞ்சு கிலோ அரிசியைத் தோளிலும் மற்றதைக் கையிலும் தூக்கிக்கொண்டு, கச்சான் கடைகளுக்கும் அடியார்களுக்கும் நடுவால் நடந்து வந்தான். கால் வெறும் கால். சுடுமணலில் ஏன் என்று கேட்டால், "கோயில் வீதியால சப்பாத்தோட எப்பிடி அண்ணை வாறது" என்றான். அம்மா மோர் கொடுத்தார். நான் கூடக் காசு கொடுக்கப்போக, வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லி மூன்றாம் தரம் வாங்கிக்கொண்டான்.

திரும்ப வருவதற்கு முதல் நாள் இரவு அம்மாவோடு இருந்து மாத ஓடரைத் திருத்தினேன். தொடர்பு இலக்கம் அம்மாவுடையது. மிளகாய்த்தூள் வெட்டு. கோர்ன் ஃபிளேக்ஸ் வெட்டு. கத்தரிக்காய் வெட்டு. கறிவேப்பிலையை வெட்டும்போது அம்மா சிரித்தார். மிஞ்சியது அரிசி, பருப்பு, பால்மா, சீனி, தேயிலை, சவர்க்காரம். கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. தொகை குறைந்துவிட்டதாம், இனி டெலிவரிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டுமாம்.

"அம்மா, இன்னும் கொஞ்சச் சாமான் போட்டால் சும்மா கொண்டுவருவாங்கள். என்ன போட?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சவர்க்காரம்" என்றார்.