கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு: மவுஸா, ரோபோகாப்பியா?

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று எடுத்த படங்களை, மாசி வீதியில் அண்ணன் ஒருவரின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மவுஸால் இழுத்துப் போட்டதுதான். பாதியில் கரண்ட் போனது. வந்ததும் மறுபடி பேஸ்ட் செய்தோம். இதே பெயரில் ஃபைல்கள் இருக்கின்றன, மாற்றவா விடவா என்று விண்டோஸ் கேட்டது. நேரம் மிச்சமாகட்டும் என்று விடச் சொன்னோம். கரண்ட் போன நொடியில் அரைகுறையாக நின்ற படமும் அதே பெயரில்தானே கிடக்கும்? திறந்து பார்த்தால் அழகர் முகம் வரை இருக்கிறது, தங்கக் குதிரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். கேமராவின் மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தோம்.

நாலைந்து ஃபைல் என்றால் மவுஸே போதும். கார்டு முழுக்க என்றால், ஃபைல்களைக் காப்பி செய்யும் விண்டோஸ் கட்டளையான ரோபோகாப்பி பக்கம்தான் நான். விஸ்டா என்ற பழைய பதிப்பின் காலத்திலிருந்தே விண்டோஸுக்குள் இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலில் ரோபோகாப்பி (robocopy), எடுக்கும் ஃபோல்டர், போடும் ஃபோல்டர், கடைசியில் சாய்கோடு போட்டு இ (/E) என்று அடியுங்கள். உள் ஃபோல்டர்களும் சேர்ந்து வரும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள் குறி போடுங்கள். நடுவில் நின்றால் அதே கட்டளையை மறுபடி ஓட்டலாம். பெயரை மட்டும் நம்பாமல் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாததை மட்டும் திரும்ப எடுக்கும்.

இதிலும் வில்லங்கம் உண்டு. ஒரு ஃபைல் படிக்க வரவில்லை என்றால், நாம் எதுவும் சொல்லாதபோது 10 லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வருஷம்! அதனால் முயலும் தடவைக்கு ஆர் 2, காத்திருக்கும் விநாடிக்கு டபிள்யூ 5 என்று சேர்த்துவிடுவேன். சாய்கோடு, எழுத்து, முக்காற்புள்ளி, எண் என்ற வரிசையில் (/R:2 /W:5).

எக்ஸ்காப்பி என்ற பழைய கட்டளையும் இருக்கிறது. பெயர் ரொம்ப நீளமான பாதைகளில் திணறும், எனக்குத் தேவைப்படுவதில்லை. லினக்ஸ்காரர்களுக்கு இதே வேலைக்கு ஆர்சிங்க் இருக்கிறது, அருமையான கருவி.

ரோபோகாப்பி கட்டளையில் சேர்க்கும் எம்ஐஆர் (/MIR) என்பதை மட்டும் பார்த்துத் தொடுங்கள். இரண்டு பக்கத்தையும் அச்சாக ஒன்றாக்கும். எடுக்கும் பக்கம் இல்லாததைப் போடும் பக்கம் அழித்துவிடும். காலிக் கார்டைச் செருகி ஓட்டினால் அந்த ஃபோல்டரில் போன வருஷத் திருவிழாவே இருந்தாலும் போய்விடும். நிஜமாக ஓட்டுவதற்கு முன்னால் அதே கட்டளையில் சாய்கோடு போட்டு எல் (/L) சேர்த்துப் பாருங்கள். எதையும் தொடாமல், என்னென்ன செய்யப் போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும்.