வாங்கிய டம்ளரும் நானே கட்டிய டம்ளரும்: ஓராண்டு ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

கூழாங்கல்லைத் தண்ணீரோடும் கிரிட் என்னும் தேய்ப்புத் தூளோடும் ஒரு பேரலில் போட்டு உருட்டி மெருகேற்றும் ராக் டம்ளரை முதலில் ரெடிமேடாகத்தான் வாங்கினேன். சிறுவர்களுக்கான பொழுதுபோக்குச் சாமான் என்று விற்கும் வகை, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பேரல், குட்டி மோட்டார். அது ஆறு மாதம் ஓடியது. அப்புறம் பெல்ட் தினமும் வழுக்க ஆரம்பித்து, ஒரு நாள் மோட்டார் சூடேறி நின்றே போய்விட்டது. அதற்குப் பிறகு நானே ஒன்றைக் கட்டினேன். பதினான்கு மாதமாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் கைபட ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கையில் ஒரு டிரில்லும் ரம்பமும் இருந்தால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்று முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குங்கள், ஏனென்றால் நான் அதைத் தலைகீழாகச் செய்து இரண்டு மாதத்தை வீணாக்கினேன்.

சட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். பழைய கட்டிலின் மரமே போதும். அதன் மேல் இணையாக இரண்டு இரும்புத் தண்டுகள், இரண்டு முனையிலும் பேரிங். பேரல் இந்த இரண்டு தண்டுகளின் மேல் படுத்திருக்கும். ஒரு தண்டை மோட்டார் சுற்றும், மற்றது பேரலோடு சும்மா உருளும். தண்டு வழுக்காமல் பேரலைப் பிடிக்க அதன் மேல் ரப்பர் ஹோஸை இறுக்கமாக மாட்டிவிடுங்கள். பேரிங்குக்குப் பதில் மரத்தில் துளை போட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தேன், இரண்டே வாரத்தில் துளை முட்டை வடிவமாகிவிட்டது. இன்னொன்று, பேரல் சுற்றச் சுற்ற மெல்ல ஒரு பக்கமாக ஊர்ந்துபோகும். அந்த முனையில் ஒரு சின்னத் தடுப்பு வைக்காவிட்டால் நடுராத்திரியில் கீழே விழும் சத்தம் கேட்டு எழ வேண்டியதுதான்.

மோட்டார் விஷயத்தில் கவனம். மிக்ஸி மோட்டாரும் டிரில் மோட்டாரும் இதற்கு ஆகாது, அவை விட்டுவிட்டு ஓடுவதற்குச் செய்தவை, கார்பன் பிரஷ் தேய்ந்துவிடும். வாரக்கணக்கில் நிற்காமல் ஓடக்கூடிய கால் குதிரைத்திறன் இண்டக்‌ஷன் மோட்டார் பழைய சாமான் கடையில் கிடைத்தாலும் நல்லதுதான். என்னுடையது நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று. மோட்டாரில் 5 செ.மீ. புல்லி, தண்டில் 25 செ.மீ. புல்லி போட்டால் தண்டு 280 சுற்றுக்கு இறங்கும். ஹோஸோடு சேர்த்துத் தண்டு 3 செ.மீ., பேரல் 16 செ.மீ. என்பதால் பேரலுக்கு ஏறக்குறைய 52 சுற்று கிடைக்கிறது. இது குத்துமதிப்பாக வந்த எண் இல்லை. பேரலின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 42.3-ஐ வகுத்தால் வருவதுதான் கல் கீழே விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும் வேகம், இங்கே 106. அதில் பாதியை ஒட்டி ஓட்டினால் கல் மேலேறி, மெதுவாகச் சரிந்து இறங்கும், அந்தச் சரிவில்தான் தேய்மானம் நடக்கிறது. காதாலும் கண்டுபிடிக்கலாம். ஒரே சீராகச் சரசரவென்று கேட்டால் சரி. தொம் தொம் என்று கேட்டால் வேகம் அதிகம் அல்லது பேரலில் கல் குறைவு. மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் விழுந்து விழுந்து விளிம்பில் பிறை பிறையாகக் கீறல் விழும். வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரை மாட்ட வேண்டாம், மோட்டார் சூடாகும். புல்லியை மாற்றுவதுதான் வழி.

நான் சறுக்கியது பேரலில். பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மூடியோடு எடுத்து ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் மேஜை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு, பெல்ட்டிலும் புல்லியிலும் கிரிட் ஏறி எல்லாவற்றையும் அரித்துக்கொண்டிருந்தது. இப்போது இருப்பது கனமான பி.வி.சி. குழாய்த் துண்டு, ஒரு பக்கம் ஒட்டி மூடிய அடைப்பு, மறுபக்கம் ஸ்டீல் கிளாம்ப் போட்டு இறுக்கும் ரப்பர் மூடி. உள்ளே பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறேன். சத்தம் பாதியாகக் குறைந்தது, பேரலின் சுவரும் தேயவில்லை. சில கற்களிலிருந்து வாயு கிளம்பி உள்ளே அழுத்தம் சேரும், அதனால் முதல் கட்டத்தில் தினம் ஒரு முறையாவது மூடியைத் தளர்த்தி விடுங்கள். நான் ஒரு வாரம் மறந்து, மூடி பந்து போல உப்பியதைப் பார்த்துப் பயந்துபோனேன்.

கிரிட்டில் மிச்சம் பிடிக்கவே கூடாது. மணலைப் போட்டால் போதும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். அகேட், ஜாஸ்பர், குவார்ட்ஸ் என்று நாம் மெருகேற்றும் கற்கள் எல்லாம் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுமார் 7, மணலும் அதே 7. சிலிக்கான் கார்பைடு 9-க்கு மேல். 1891-இல் எட்வர்ட் அச்செசன் இதைத் தயாரித்து கார்போரண்டம் என்று பெயர் வைத்தார், பட்டறைகளில் இன்னும் அந்தப் பெயர்தான். எண் கூடக் கூடத் தூள் நைசாகும். முதலில் 60/90, பிறகு 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு அல்லது சீரியம் ஆக்சைடு பாலிஷ், ஒவ்வொன்றும் ஒரு வாரம். ஒன்றரைக் கிலோ பேரலுக்கு நான்கு மேஜைக்கரண்டி கிரிட். முதல் கட்டத்தை மட்டும் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யக் கூச்சப்படாதீர்கள். அங்கே விட்ட குழி கடைசிவரை போகாது.

கட்டம் மாற்றும்போது கல்லை ஒவ்வொன்றாகக் கழுவுகிறேன், பேரலின் மூடி இடுக்கையும் பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன். ஒரே ஒரு 60 கிரிட் மணி பாலிஷ் கட்டத்துக்குள் போனால் ஒரு வார வேலை பாழ். ஈரமாக இருக்கும்போது எந்தக் கல்லும் கண்ணாடி போலத்தான் மின்னும், அதை நம்பி அடுத்த கட்டத்துக்குப் போய் நான் இரண்டு முறை ஏமாந்தேன். துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டு விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். காய்ந்த பிறகும் விளக்கின் விளிம்பு கல்லின் மேல் கூர்மையாகத் தெரிந்தால்தான் பாலிஷ் ஏறியிருக்கிறது. சேற்றைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, அடியில் படிந்ததை உலர்த்திக் குப்பையில் போடுவதே சரி.

கல் வெட்ட, தண்ணீர்த் தொட்டி வைத்த சின்ன டைல் கட்டரையே பயன்படுத்துகிறேன். அதோடு வந்த பிளேடு தடிமன், நல்ல அகேட்டில் பாதி பொடியாகவே போய்விட்டது. விளிம்பில் இடைவெளி இல்லாத மெல்லிய டைமண்ட் பிளேடு மாற்றியதும் வேறு இயந்திரம் போல ஆகிவிட்டது. கல்லைக் கையால் தள்ளாமல், வழுக்கி நகரும் ஒரு பலகையில் கவ்வவைத்துத் தள்ளினால் வெட்டு நேராக வருகிறது, பிளேடும் நெளிவதில்லை. வெட்டிய முகத்தைச் சுழலும் தட்டில் வைத்துத் தட்டையாகத் தேய்க்க, பழைய மோட்டாரில் தட்டு மாட்டிக் கட்டிய ஃபிளாட் லேப் சுமார்தான். தட்டு ஒரு முடியளவு ஆடினாலும் 1,200-க்கு மேல் கிரிட் பயனில்லை, அதை இன்னும் சரிசெய்து முடிக்கவில்லை.

வெட்டுவதும் தேய்ப்பதும் எப்போதும் தண்ணீரோடுதான். குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் போனால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேஜையில் இருப்பதால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத இணைப்பில் நான் எதையும் ஓட்டுவதில்லை. மேலே சொன்ன எதைத் தள்ளிப்போட்டாலும் இந்த இரண்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது இரண்டாவது பேரலுக்குத் தண்டை நீட்டியிருக்கிறேன். ஒன்று 60/90-க்கு மட்டும், மற்றது பாலிஷுக்கு மட்டும்.