பித்தப்பையைச் சேர்த்தே எடுப்பதா, ஆறு மாதம் மாத்திரையில் ஓட்டுவதா?

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் ஸ்லீவா (இரைப்பையை ஒல்லியாக வெட்டிவிடுவது) பைபாஸா (இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் ஒதுக்கிவிடுவது) என்று மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், பித்தப்பையை என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. ஸ்லீவ் செய்துகொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன், அதையும் அப்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். எடை மளமளவென்று இறங்கும்போது உடம்புக் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் பித்தத்தில் வந்து சேர்கிறது. சாப்பாடோ நாலு வாய், அதிலும் எண்ணெய் கிடையாது, அதனால் பித்தப்பை சுருங்கி விரியும் வேலையும் குறைந்து பித்தம் தேங்கிக் கல்லாகிறது. முதல் ஆறு மாதம்தான் ரொம்ப உஷாராக இருக்க வேண்டிய காலம்.

இருப்பது மூன்று வழி: ஆபரேஷனோடு பையையும் எடுத்துவிடலாம், பித்தத்தில் கல் சேராமல் தடுக்கும் உர்சோ மாத்திரை போடலாம், வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடலாம். ஏற்கெனவே கல் இருந்து வலியும் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே மயக்கத்தில் சேர்த்தே எடுத்துவிடுவார்கள், அங்கே அலசுவதற்கு ஒன்றுமில்லை. நான் பேசுவது ஸ்கேனில் கல்லே இல்லாதவர்களுக்கு.

எடுத்துவிடச் சொல்லும் கட்சிக்கு எங்கள் வீட்டில் தலைவி கோபி அத்தை. "ஏங் கண்ணு, எப்படியும் வவுத்துல ஓட்டை போடறாங்க, அதையுஞ் சேத்து எடுத்துட்டா ஒரே செலவோட போச்சு." பணக்கணக்கில் அத்தை சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பின்னால் கல் வந்தால் இன்னொரு ஆபரேஷன், இன்னொரு லீவு, பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு முதல் 2 வருடம் காத்திருப்பு வேறு. ஆனால் சேர்த்து எடுத்தால் மேஜையில் கிடக்கும் நேரம் கூடும், அரிதாகப் பித்தக்குழாயில் அடிபட்டால் அது பெரிய வம்பு. கல் வந்தவர்களிலும் நிறையப் பேருக்கு வலியே வருவதில்லை.

நான் எடுத்தது மாத்திரை. 1995இல் வந்த அமெரிக்க ஆய்வில் பைபாஸ் செய்தவர்களுக்கு ஆறு மாதம் தினம் 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், மருந்தே இல்லாத சும்மா மாத்திரை போட்டவர்களில் 32 சதவீதம் பேருக்குக் கல், உர்சோ போட்டவர்களில் 2 சதவீதம்தான். இது ஸ்கேனில் தெரிந்த கல்லின் கணக்கு. தொந்தரவு கொடுத்த கல்லை மட்டும் பார்த்த நெதர்லாந்து ஆய்வில் (2021, தினம் 900 மில்லிகிராம்) 2 வருடத்தில் சும்மா மாத்திரை போட்டவர்களில் 9.7 சதவீதம், உர்சோ போட்டவர்களில் 6.5, அவ்வளவுதான் வித்தியாசம். மந்திர மாத்திரை இல்லை. சின்ன இரைப்பைக்கு அந்த மாத்திரை பெரிசு, கசப்பு, பாதியாக உடைத்தால் நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. சிலருக்கு வயிறு இளகும். புரோட்டீன் பவுடர், விட்டமின் எல்லாம் வரிசை கட்டி நிற்கும்போது முதலில் விட்டுப்போவது இதுதான், டப்பாவைக் கண்ணில் படும்படி வையுங்கள்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது அந்த சதவீதமெல்லாம் இல்லை. கல் இறங்கினால் எடுக்க வழி இருக்கிறதா என்பதுதான். பைக்குள் சும்மா கிடக்கும் கல்லைப் பற்றிக் கவலையில்லை, அது நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால்தான் மஞ்சள் காமாலை, குளிர் காய்ச்சல், கணையம் வீங்குவது எல்லாம். அப்போது வாய் வழியாக ஸ்கோப் (கேமரா வைத்த குழாய்) விட்டு, இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலின் தொடக்கத்தில் பித்தக்குழாய் திறக்கும் இடத்தைப் பிடித்துக் கல்லை எடுப்பார்கள், ஈ.ஆர்.சி.பி. என்பது அதுதான். ஸ்லீவில் இரைப்பை ஒல்லியாகிறதே தவிர பாதை பழைய பாதை. பைபாஸில் சாப்பாடு போகும் வழியிலிருந்து அந்தக் குடல் பகுதியையே ஒதுக்கிவிடுகிறார்கள், வாய் வழியாக அங்கே போவது திருப்பூரிலிருந்து அவிநாசிக்கு ஈரோட்டைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி, சாதாரண ஸ்கோப்புக்கு நீளம் பத்தாது. லேப்ராஸ்கோப்பியில் ஒதுக்கிய இரைப்பையைத் துளைத்து அதன் வழியாக விடும் முறை இருக்கிறது, ஆனால் அது எல்லா ஊரிலும் ராத்திரியோடு ராத்திரியாக நடக்கிற காரியமில்லை.

அதனால் ஸ்லீவ் என்றால் பை இருக்கட்டும், மாத்திரை போதும் என்பேன். பைபாஸ் என்றாலும் கல் இல்லாத பையை எடுக்கச் சொல்லமாட்டேன், ஆனால் மாத்திரையில் ஒரு வேளைகூட விடாதீர்கள் என்பேன். அது என் உடம்பில் பார்த்ததில்லை, அங்கே என் பேச்சுக்கு எடை குறைவு.

மூன்றாவது வழிக்குப் போகிறவர்கள் வலியையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண விருந்து சாப்பிட்ட ராத்திரி மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ பிடித்து, வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஏறி, அரை மணிக்கும் மேலாக விடாமல் நின்றால் கேஸ் என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ சேர்ந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், போனதும் நீங்கள் செய்துகொண்டது ஸ்லீவா பைபாஸா என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், ஸ்கோப் போடுகிறவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.