வெளிச்சக்கூடு ஒன்று, வெட்டும் இயந்திரம் நாலு: பிள்ளைகளுக்குக் கைவினை பழக்க எது பொருந்தும்?

கடதாசி வெட்டும் வீட்டு இயந்திரங்களை அகலத்தையும் வேகத்தையும் வைத்து ஒப்பிடுவது கடைக்காரருக்குப் போதும். பிள்ளைகளுக்குப் பழக்கப் போகிறவர் வேறு இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பிள்ளை கீறிய கோடு எத்தனை படி தாண்டி வெட்டாக வருகிறது? ஒரு பிள்ளையின் தாள் உள்ளே ஓடும்போது மற்றப் பிள்ளைகளின் கைக்கு என்ன வேலை? கிரிக்கட், சிலூவெட், பிறதர் ஸ்கான்-என்-கட், கையால் சுற்றும் சிசிக்ஸ் பிக் ஷொட் ஆகிய நாலையும் இந்தக் கேள்விகளோடு பார்ப்போம்.

அளவுகோல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: கார்த்திகை விளக்கீட்டுக்கும் நத்தாருக்கும் தூக்கக்கூடிய சின்ன வெளிச்சக்கூடு. சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவு தடிப்பான பிறிஸ்டல் போட், ஏ4 தாள் ஒன்று. அதை நீளவாக்கில் இரண்டாக்கினால் இரண்டு கூட்டுக்குப் பட்டை வரும். பட்டையின் உயரம் 10 சென்ரிமீற்றர். 6.8 சென்ரிமீற்றர் அகலத்தில் நாலு முகம், கடைசியில் பசை பூச 1.2 சென்ரிமீற்றர் நாக்கு, ஆக நீளம் 28.4. முகத்தில் வெட்டும் பூவோ மயிலோ மடிப்புக் கோட்டிலிருந்து 5 மில்லிமீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். இரண்டு வெட்டுக்கு இடையில் மிஞ்சும் பாலம் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சின்னக் கைகள் உரிக்கும்போது கிழியும். உள்ளே பற்றரியில் எரியும் சின்ன எல்.இ.டி. விளக்குத்தான், நெருப்பு வேண்டாம்.

பத்து வயதுக்குக் கீழே என்றால் முதலிடம் ஸ்கான்-என்-கட்டுக்கு. இதற்குள்ளேயே ஸ்கானர் இருக்கிறது, கணினி தேவையில்லை. பிள்ளை வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு மார்க்கரால் கீறுகிறது, தாளைப் பிடித்து வைக்கும் பசைப் பாயில் வைத்து உள்ளே விடுகிறோம், திரையில் அதே சித்திரம் வருகிறது, வெட்டு. தன் கோணல் மயில் தன் கோணலோடேயே வெளியே வருவதைக் காணும் பிள்ளைக்கு அடுத்த தாளைக் கொடுக்கச் சொல்லி நாம் கேட்கத் தேவையில்லை. இதில் அடிக்கடி வரும் பிழை, ஒரு கோட்டை இயந்திரம் இரண்டு கோடாக எடுப்பது. மார்க்கர் கோட்டுக்கு உள்விளிம்பும் வெளிவிளிம்பும் உண்டு, இரண்டையும் அது வெட்டினால் மயிலைச் சுற்றி மெல்லிய நூல்போல ஒரு வளையம் கழன்று வரும். உருவத்தை முழுவதும் கறுப்பாக நிரப்பிவிட்டால் விளிம்பு ஒன்றாகிவிடும். கோடு எங்கேயாவது திறந்திருந்தாலும் உருவம் பிடிபடாது, ஆகவே ஸ்கான் செய்யமுன் பிள்ளையை விரலால் கோட்டைச் சுற்றி வரச் சொல்லுங்கள். இடைவெளியை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கிரிக்கட் தொடங்க இலகு, ஆனால் அதன் டிசைன் ஸ்பேஸ் செயலிக்குப் பயனர் கணக்கு வேண்டும், பெரும்பாலான வேலைக்கு இணையமும் வேண்டும். கணினியிலும் ஐபாட்டிலும் முன்கூட்டியே இறக்கி வைத்து இணையமில்லாமல் ஓட்டலாம், அன்ட்ரொயிட் கைபேசியில் அந்த வசதி இல்லை. வீட்டில் இருப்பது கைபேசி மட்டும் என்றால் இதைக் கட்டாயம் யோசியுங்கள். கிரிக்கட்டின் சின்ன மொடலான ஜோய் வெட்டும் அகலம் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர். 12 அங்குல நீளப் பாயில் நமது பட்டை அளவாக அமரும், ஆனால் ஜோய்க்கு மடிப்புக் கோடு இடும் முனை கிடையாது. பெரிய மொடல்களான எக்ஸ்புளோர், மேக்கர் இரண்டிலும் உண்டு. ஜோயில் மடிப்புக் கோட்டை இடைவிட்டு வெட்டும் கோடாகக் குறித்து, 3 மில்லிமீற்றர் வெட்டு, 2 மில்லிமீற்றர் இடைவெளி என வடிவமைக்கலாம். அல்லது அடிமட்டத்தை வைத்து, மை தீர்ந்த பேனையால் அழுத்தி இழுக்கலாம். பிள்ளைகள் இரண்டாவதைத்தான் நன்றாகச் செய்கிறார்கள்.

கிரிக்கட்டில் தொடக்கக்காரர் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. திரையில் பூ முகத்தின் நடுவில் இருக்கும், வெட்டி வந்தால் பூ ஒரு மூலையில், பட்டை வேறு மூலையில். கடதாசியை மிச்சப்படுத்துவதற்காகச் செயலி துண்டுகளைத் தானே அடுக்கிவிடுகிறது. எல்லாவற்றையும் தெரிந்து ‘அட்டாச்’ அழுத்தினால் இடம் மாறாது.

சிலூவெட்டின் மென்பொருள் கணினியில் நிறுவப்படுவது, இணையம் போனாலும் வேலை நிற்காது. பதினொரு வயதுக்கு மேல், கணினியில் கை பழகிய பிள்ளைக்கு எமது தெரிவு இதுதான். அதன் 8 அங்குல மொடலான போர்ட்ரெயிட்டே இந்தக் கூட்டுக்குப் போதும், 12 அங்குலக் கமியோவுக்குக் காசு கூட்ட அவசியமில்லை. அழுத்தம், வெட்டும் அலகின் ஆழம், வேகம், எத்தனை முறை என்று நாலையும் பிள்ளையே மாற்றிப் பார்க்கலாம். சோதனை வெட்டு சதுரத்துக்குள் முக்கோணம் ஒன்றை வெட்டும். சதுரம் முழுதாகக் கழன்று, பாயில் ஆழமான கீறல் விழாவிட்டால் அளவு சரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இலவசப் பதிப்பு எஸ்.வி.ஜி. என்னும் கோட்டுப்படக் கோப்பைத் திறக்க மறுத்தால் அதே படத்தை பி.என்.ஜி. படமாக எடுத்து, விளிம்பைக் கோடாக்கும் ‘டிரேஸ்’ செய்தால் வேலை முடியும்.

பிக் ஷொட்டுக்கு மின்சாரமே வேண்டாம். தடித்த உருக்கு அச்சை நுரைப்பக்கம் மேலாக வைத்து, அதன்மேல் கடதாசி, கீழும் மேலும் ஒவ்வொரு வெட்டுத்தட்டு, பிடியைச் சுற்றினால் பூ விழும். அச்சில் இல்லாத உருவம் வராது, வாய் 6 அங்குலமே, 28 சென்ரிமீற்றர் பட்டை தட்டில் அடங்காது. முகங்களைத் தனித்தனியாக வெட்டி ஒட்ட வேண்டும். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். மின் இயந்திரத்தில் ஒரு பட்டைக்கு ஏற்ற, வெட்ட, உரிக்க ஆறு ஏழு நிமிடம் என்றால் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். இங்கே ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம். அறநெறி வகுப்பு, சனசமூக நிலையம் போல கூட்டமாகப் பழக்கும் இடங்களுக்கு நாம் இதைத்தான் சொல்வோம். தட்டை ஒவ்வொரு முறையும் புரட்டிப் போடாவிட்டால் ஒரு பக்கமாக வளைந்துவிடும்.

தமிழ் எழுத்து எல்லா இயந்திரத்திலும் தனிப் பாடம். யூனிகோட்டில் தட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறிவந்தால், நம்மூர் அச்சகங்களில் பழகிய பாமினி எழுத்துரு கைகொடுக்கும். அதில் கொம்பை முதலில், எழுத்தைப் பிறகு, காலைக் கடைசியில் என்று கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே தட்டுவதால் செயலி குழம்புவதில்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தை ‘வெல்ட்’ செய்து ஒரே கோடாக்குங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் குறுக்கே வெட்டுப்படும். கூட்டின் முகத்தில் பெயரைத் துளையாக வெட்டும்போது ‘ன’, ‘ண’, ‘அ’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும். 3 மில்லிமீற்றர் பாலம் போட்டு அதைத் தாங்க வேண்டும். பெயரையே தனி எழுத்தாக வெட்டித் தொங்கவிடுவதானால் சிக்கல் மறுபக்கம்: மெய்யெழுத்தின் புள்ளி அந்தரத்தில் நிற்கும், அதற்குக் காம்பு வேண்டும். பிள்ளையின் பெயர் ‘ன்’னில் முடிந்தால் அந்தப் பாடம் முதல் நாளே வந்துவிடும்.

விளக்கீடு வருவது மழைக்காலத்தில். ஐப்பசி, கார்த்திகையில் கடதாசி ஈரத்தை இழுத்து நார் மெதுவாகும், அலகு வெட்டாமல் இழுத்துச் செல்லும், ஓரம் பஞ்சுபோல வரும். அழுத்தத்தைக் கூட்ட முன் தாளைப் பாருங்கள். பிறிஸ்டலை வாய் இறுகும் பையில், சிலிக்கா சிறுபொதியோடு வையுங்கள். வெளிச்சம் தெரிய முகத்தின் பின்னால் ஒட்டும் மெல்லிய ரிசுப் பேப்பரைச் சாதாரண அலகு போட்ட மின் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டாம், கிழிந்து சுருளும். அதில் 6.2 க்கு 9.2 சென்ரிமீற்றர் துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டுவதுதான் காத்திருக்கும் பிள்ளைகளின் வேலை.

உரிக்கும்போது தாளைப் பிடித்து இழுத்தால் கூடு சுருண்டுவிடும். பாயைக் கவிழ்த்து, தாளை மேசையில் அழுத்திக்கொண்டு பாயை வளைத்து எடுக்க வேண்டும். சாளரத் துண்டுகளைக் கிளப்பும் கூரிய கொக்கியைச் சின்னவர்களிடம் கொடுக்காமல், தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்குச் சரிவாக நறுக்கிக் கொடுங்கள். அலகு மாற்றுவது பெரியவர் வேலை.

கனடாவில் இருந்து உறவினர் இயந்திரம் அனுப்புவதானால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா எனப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120, இலங்கையில் 230. அதே பொதியில் இரண்டு பாயும் இரண்டு அலகும் வரட்டும். பாயின் பசை குறைந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் தொட்டு மெதுவாகத் தேய்த்து, நிழலில் காயவிட்டு, அதுவும் போதாதபோது தாளின் நாலு ஓரத்திலும் மாஸ்கிங் ரேப் ஒட்டி இன்னும் சில கூடுகள் வெட்டலாம்.