இலையைத் திருப்பிப் பார்க்கிற இடம்: எங்கள் பக்கத்துப் பயிர் சிகிச்சை முகாம்

திருகோணமலைப் பக்கம் பயற்றங்காயோ கௌபியோ பயறோ செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பயிர் மஞ்சளடித்தால் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன், கமநல சேவை நிலையத்தில் நடக்கும் பயிர் சிகிச்சை முகாமுக்குப் போங்கள். ஒரு மேசை, நாலைந்து கதிரைகள், ஒரு கைவில்லை, அவ்வளவுதான். கட்டணம் கிடையாது.

நிலாவெளியில் மணல் தரையில் பயற்றை போட்டிருக்கிறேன். கொடி பந்தலேறும் பருவத்தில் இலைகள் சுருங்கி, கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறின. விதை வாங்கிய கடையில், பெயர் வேண்டாம், இலையைக் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. சத்துக் குறைவாம். ஒரு திரவ உரம், "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு பூச்சிகொல்லி. இரண்டையும் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

முகாமில் இருந்த விவசாயப் போதனாசிரியை இளம் பெண். "ஓர் இலை போதாது அம்மா, நுனி, அடியிலை, பிஞ்சு எல்லாம் காட்டுங்கள்" என்றார். கொடி முழுவதையும் மேசையில் பரப்பினார். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலைதான் முதலில் ஒரே சீராக மஞ்சளாகும். கடலோரத் தரையில் உப்பு ஏறினால் இலையின் ஓரம் கருகும். என் கொடியிலோ அடியிலை நன்றாக இருந்தது, இளம் இலைகள்தான் கெட்டிருந்தன. நரம்பை ஒட்டிக் கரும்பச்சை, இடையில் வெளிறிய நிறம், மேற்பரப்பில் கொப்புளம் போன்ற மேடுகள். நுனியைத் திருப்பிக் கைவில்லையை என்னிடமே தந்தார். கறுப்பு அழுக்கணவன், அதுதான் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி, காம்பைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது, நடுவே எறும்புகள் ஓடின.

"எல்லாச் செடியும் இப்படியா, அங்கொன்று இங்கொன்றா?" என்று கேட்டார். அங்கொன்று இங்கொன்றுதான். பளிச்சென்ற மஞ்சளாக இருந்து வெள்ளை ஈயும் இருந்திருந்தால் மஞ்சள் மொசைக் வைரஸைச் சந்தேகித்திருப்பாராம். இது அழுக்கணவன் பரப்பும், விதை வழியாகவும் வரும் மொசைக் வைரஸாக இருக்க வேண்டும் என்றார். குளிர்நாடுகளில் பட்டாணியைத் தாக்கும் விதைவழி மொசைக் வைரஸும் இதே குடும்பம்தானாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து அவர் சொன்னதுதான்: இதற்கு மருந்து இல்லை. அழுக்கணவன் நோயுள்ள இலையில் சில விநாடி வாய் வைத்தாலே போதும், அடுத்த செடிக்குக் கொண்டுபோய்விடும். மருந்து பட்டு அது சாவதற்குள் வைரஸ் ஏறிவிடும். ஆகவே நோய்கண்ட கொடிகளை உடனே பிடுங்கி அழிக்க வேண்டும், அந்தப் பாத்தியிலிருந்து விதை எடுக்கவே கூடாது. விற்பதற்கு எதுவும் இல்லாதவர்தான் இவ்வளவு நேராகச் சொல்ல முடியும். எழுதித் தந்த சீட்டும் நல்ல தமிழில், வாசிக்கக்கூடிய கையெழுத்தில் இருந்தது.

குறையும் உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்வது உறுதியான முடிவாகாது என்று அவரே சொன்னார். இந்த வைரஸ் இழை ஏறத்தாழ 750 நானோமீற்றர் நீளம். கைவில்லைக்கு மட்டுமல்ல, சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் தெரியாது. எந்த வைரஸ் என்று அறுதியிட எலைசா அல்லது பிசிஆர் சோதனை வேண்டும், அதற்கு மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டுத் தோட்டக்காரருக்கு இது அவசியமில்லை. ஏக்கர் கணக்கில் கௌபி போடுகிறவர்களுக்கும் விதைக்காகப் பயிரிடுகிறவர்களுக்கும் கட்டாயம் வேண்டும். முகாம் நாளை முன்கூட்டியே ஊரில் அறிவித்தால் இன்னும் பலர் வருவார்கள். நான் பக்கத்து வளவுக்காரர் சொல்லித்தான் அறிந்தேன்.

போகிறவர்கள் காலையிலேயே கொடியைப் பிடுங்கி, ஈரக் கடதாசியில் சுற்றிப் பையில் கொண்டுபோங்கள். நல்ல செடி ஒன்றும் கூடவே இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள். போக முடியாதவர்கள் விவசாய ஆலோசனைக்கு 1920 என்ற இலக்கத்தை அழைக்கலாம். ஆனால் தொலைபேசியில் இலையின் அடிப்பக்கத்தைக் காட்ட முடியாது.