நான்கு வருடமாகக் காதில் கத்தும் பெட்டி

சுற்றிப் பறக்கும் விமானங்களைக் காட்டி எச்சரிக்கும் ஏடிஎஸ்-பி ரிசீவர் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கூடப் பறக்கும் நண்பர் நேற்று கேட்டார். பாவம், நாள் பார்த்துக் கேட்கவில்லை. என் பெட்டி சர்வீஸுக்குப் போய்த் திரும்பி வந்து மூன்று நாள்தான் ஆகிறது. வந்த பிறகு முதல் தடவை மேலே ஏறியதுமே "ட்ராஃபிக், ட்ராஃபிக்" என்று ஒரே அலறல். அதே உயரம், தூரம் பூஜ்யம் என்கிறது திரை. இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன், இறக்கையைச் சாய்த்துக் கீழேயும் பார்த்தேன். ஒரு காக்கை கூட இல்லை. அப்புறம்தான் உறைத்தது, அது பயந்தது என்னைப் பார்த்துத்தான். சர்வீஸில் செட்டிங் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள். அதோடு என் டிரான்ஸ்பாண்டரின், அதாவது விமானத்தின் அடையாளத்தை ரேடியோவில் அனுப்பும் கருவியின், ஆறு எழுத்து முகவரியும் போய்விட்டது. நான் அனுப்பும் சிக்னலைக் கேட்டுவிட்டு, யாரோ என்னை ஒட்டியே வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டது. அழித்துவிட்டோம் என்று ஒரு துண்டுச் சீட்டாவது வைத்து அனுப்பியிருக்கலாம்.

ஏடிஎஸ்-பி ரிசீவர் என்ன செய்யும் என்பது சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். 1090 மெகாஹெர்ட்ஸில் மற்ற விமானங்கள் சொல்லும் இடத்தையும் உயரத்தையும் கேட்டு, டேப்லெட்டில் புள்ளி வைக்கும். பேட்டரி பரவாயில்லை. வெயிலில் சூடாகிறது, அதைக் குறை சொல்ல முடியாது.

என் சண்டையெல்லாம் அதன் குரலோடுதான். சர்க்யூட்டில், அதாவது இறங்குவதற்காக ரன்வேயைச் சுற்றி வரும் பாதையில், நாலு விமானம் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தால் நாலுக்கும் கத்தும். அதுவும் சரியாக டவர், அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம், பேசும்போதுதான் வாயைத் திறக்கும். "நீங்கள் இரண்டாவது, இன்னாருக்குப் பின்னால்" என்று கன்ட்ரோலர் சொன்னால், அந்த 'இன்னார்' மட்டும் என் காதுக்கு வராது. திரும்பக் கேட்டால் அவர் குரலில் சலிப்பு தட்டுகிறது. ஒலியைக் குறைத்தால் இன்ஜின் சத்தத்தில் ஒன்றுமே கேட்பதில்லை. பெரிய விமானங்களில் இருக்கும் மோதல் தடுப்புக் கருவியான டிகாஸ் கூட, தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே வந்ததும் 'ஏறு, இறங்கு' என்று கட்டளை போடுவதை நிறுத்திக்கொள்ளும். இதற்கு அந்த இங்கிதம் கிடையாது.

இவ்வளவு திட்டிவிட்டு அந்தச் சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். லேசாகப் புகைமூட்டம், சூரியன் முகத்துக்கு நேரே. ரன்வேக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டமான ஃபைனலில் வரும் பயணிகள் விமானத்துக்குப் பின்னால் நீங்கள், தெரிகிறதா என்று டவர் கேட்டது. ரன்வே பக்கம் ஒரு விளக்கு தெரிந்தது. தெரிகிறது என்றேன். அந்த விளக்கு என்னைக் கடந்து இறங்கியதும், ஃபைனலுக்கு முந்தைய திருப்பமான பேஸ் பக்கம் திரும்ப இறக்கையைச் சாய்த்தேன். பெட்டி கத்தியது. எரிச்சலோடு குனிந்து பார்த்தால், ரன்வேயிலிருந்து 3 கடல் மைலில் ஒரு புள்ளி, பக்கத்தில் இரண்டு பூஜ்யம். அதாவது என் உயரத்திலேயே இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். மூன்று டிகிரி சரிவில் வருகிற விமானம் அந்த இடத்தில் ஏறக்குறைய 950 அடியில் இருக்கும். சர்க்யூட்டில் நான் 1,000 அடி. முதலில் நான் பார்த்த விளக்கு இன்னொரு சின்ன விமானத்துடையது. இறக்கையை நேராக்கி, தெரிகிறது என்று சொன்னது தப்பு, எனக்கு அந்த விமானம் தெரியவில்லை என்று டவரிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கை ஈரமாகிவிட்டது.

1978-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த மோதல் நினைவிருக்கும். முன்னால் போன செஸ்னா என்ற சின்ன விமானத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்ன போயிங் 727-இன் விமானிகள் அப்புறம் அதைக் கண்ணிலிருந்து தவறவிட்டார்கள். தவறவிட்டதை டவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. இரண்டும் மோதி 144 பேர் இறந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த விபத்தின் விசாரணை அறிக்கையைத்தான் எடுத்துத் திரும்பப் படித்தேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிக்னல் விடாத விமானத்தை இந்தப் பெட்டி காட்டாது. 1986-இல் கலிபோர்னியாவின் செரிட்டோஸில் டிசி-9 பயணிகள் விமானத்தின் மேல் மோதிய பைப்பர் என்ற சின்ன விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது, ஆனால் உயரம் சொல்லாத வகை. டிரான்ஸ்பாண்டரே இல்லாத கிளைடர்கள் இன்றைக்கும் பறக்கின்றன. டிரான்ஸ்பாண்டர் இருந்தும், தன் இடத்தைச் சொல்லும் ஏடிஎஸ்-பி இல்லாத விமானம் வந்தால், எந்தப் பக்கம் என்று சொல்லாமல் என்னைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. வட்டத்தை வைத்துக்கொண்டு எந்த ஜன்னலில் பார்ப்பது? பக்கத்து சீட்டில் கொஞ்சம் கனமான நண்பர் உட்கார்ந்தால் அவர் உடம்பு மறைத்து, வலது பக்கத்துச் சின்ன விமானங்களின் புள்ளிகள் விட்டுவிட்டுத்தான் வருகின்றன. பயணிகள் விமானங்களின் சிக்னல் பலமானது, அவை எப்படியும் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் நண்பரிடம் கொட்டித் தீர்த்துவிட்டு, வாங்க வேண்டாம் என்று முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்களுடையதைப் பாதி விலைக்கு எனக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்றார்.

அது எப்படிக் கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை நான் பறக்க வேண்டாமா?