விரலால கடலை அளக்க ஒரு வெப்சைட், வானத்தை அளக்க இன்னொன்னு

ரெண்டு வெப்சைட் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன். ரெண்டுமே ஃப்ரீ, லாகின் கெடையாது, ஆப் எதுவும் இறக்க வேணாம். ரெண்டுலயும் நாம செய்ற வேல ஒன்னே ஒன்னுதான், ஸ்க்ரோல் பண்றது. தினம் ராத்திரி படுத்துக்கிட்டு எதையோ தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டு இருக்கோமே, அதே விரல்தான். ஆனா இங்க ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு கணக்கு இருக்கு, இத்தன மீட்டர், இத்தன ஆயிரம் கிலோமீட்டர்னு.

மொதல்ல 'தி டீப் சீ'. நீல் அகர்வால்ங்கிறவரோட 'நீல் டாட் ஃபன்' தளத்துல இருக்கு. தொறந்தா வெளிர் நீலத்துல கடல் மேல்பரப்பு. கீழ தள்ளத் தள்ள ஆழம் எத்தன மீட்டர்னு எண் ஓடிக்கிட்டே இருக்கும், எந்த ஆழத்துல எந்த உயிர் போகுமோ அங்க அதோட படம் வரும், நீலம் கொஞ்சம் கொஞ்சமா கறுத்துக்கிட்டே போகும். அவ்வளவுதான் மொத்த டிசைனும். ஒரு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ராத்திரில, தூக்கம் வராம அப்பர் பெர்த்ல படுத்துக்கிட்டு மொத தடவ இத தொறந்தேன், விருதுநகர் தாண்டியும் கீழ வைக்கல.

ஏன்னா மனுஷன் ரொம்ப சீக்கிரம் முடிஞ்சு போயிடுறான். மூச்ச அடக்கிக்கிட்டு ஹெர்பர்ட் நிட்ச் போன சாதனை ஆழம் 214 மீட்டர். சிலிண்டர் கட்டிக்கிட்டு எகிப்துக்காரர் அகமது கப்ர் 2014ல போனது 332 மீட்டர். விரல நாலஞ்சு தடவ தள்ளினா இதெல்லாம் மேல போயிடுது. அதுக்கும் கீழ, 500 மீட்டர் தாண்டி, எம்பரர் பென்குயின் வருது! பறவைங்க அது, நம்மள மாதிரி மூச்சு விடுற ஜீவன். 2,000 மீட்டரையும் தாண்டி யானை சீல். சின்ன வயசுலேர்ந்து கடலோரத்துலயே வளந்தும் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒன்னு மட்டும் கவனிச்சுக்கோங்க, பென்குயினும் சீலும் அந்த ஆழத்துல குடியிருக்குன்னு எடுத்துக்கக் கூடாது, அதுங்க போய்த் திரும்புற கடைசி எல்லை அது. பிள்ளைங்களுக்கு காட்டும்போது இத சொல்லிடுங்க.

1,000 மீட்டர்லயே சூரிய வெளிச்சம் முடிஞ்சிரும். அதுக்கப்புறம் தள்ளுறதெல்லாம் இருட்டுக்குள்ளதான். டைட்டானிக் கெடக்குறது 3,800 மீட்டர் கிட்ட, நான் அதுதான் அடின்னு நெனச்சிருந்தேன், பாத்தா பாதிகூட வரல. 6,000 வந்தப்ப நம்ம பள்ளிக்கரணை ஞாபகம் வந்துச்சு. அங்க என்ஐஓடிங்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துல தயாராகுற 'மத்ஸ்யா 6000'ங்கிற நீர்மூழ்கிக் கலம் மூணு பேர உள்ள வச்சு இந்த ஆழத்துக்குத்தான் கொண்டு போகணும், அவங்க உக்காரப் போற டைட்டானியம் உருண்டை 2.1 மீட்டர் அகலம்தான். பேப்பர்ல படிச்சப்ப 6,000ங்கிறது வெறும் நம்பர். விரல் வலிக்க தள்ளி அங்க வந்து சேந்ததுக்கப்புறம், அந்த மூணு பேர நெனச்சா நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. அதுக்கும் கீழ 8,848, எவரெஸ்ட்ட தலைகீழா கவுத்தா அதோட உச்சி வர்ற எடம். அதுக்கப்புறமும் ரெண்டு கிலோமீட்டர் பாக்கி இருக்கு.

அடில சேலஞ்சர் டீப், கடல்லயே ரொம்ப ஆழமான எடம், 10,900 மீட்டருக்கும் மேல. 1960ல ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ட்ரியஸ்ட்ங்கிற கலத்துல எறங்கின எடம். எறங்க மட்டும் அஞ்சு மணி நேரம் கிட்ட ஆச்சு, போற வழில வெளி ஜன்னல் ஒன்னு விரிசல் விட்டுச்சு, அப்பவும் திரும்பாம போயி இருபது நிமிஷம் இருந்துட்டு வந்தாங்க.

இத ஊருக்குப் போனப்ப எங்க பெரியப்பாட்ட காட்டினேன். அவரு தூத்துக்குடில சங்கு குளிச்சவரு, முப்பது வருஷத்துக்கு மேல. அவருக்கு மீட்டர் கணக்கெல்லாம் ஒட்டாது, ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், கடல அப்படித்தான் அளப்பாரு. போன கைல குடுத்ததும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு மெதுவா ஒத்த விரலால தள்ளினாரு. 18 மீட்டர்ல நிப்பாட்டி, "இது எத்தன பாகம்டே?"ன்னாரு. பத்து பாகம் பெரியப்பான்னேன். "நம்ம தொழில் எல்லாம் இதுக்குள்ளதான்"ன்னுட்டு திரும்பவும் தள்ள ஆரம்பிச்சாரு. அவசரமே படல. நடுவுல காப்பி வந்துச்சு, ஆறிப் போச்சு. கடைசில அடி வந்ததும் இது எத்தன பாகம்னு கேட்டாரு, கணக்குப் போட்டுப் பாத்தா கிட்டத்தட்ட ஆறாயிரம். ஒன்னும் சொல்லல. போன வாங்கலாம்னு கைய நீட்டினேன், குடுக்கல, "இருடே, மேல வரணும்லா"ன்னு சொல்லிட்டு அம்புட்டு தூரமும் விரலாலயே தள்ளி மேல கொண்டு வந்தாரு.

கொறன்னு சொன்னா, எழுத்தெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, பெரியப்பாவுக்கு ஒவ்வொன்னா நான்தான் படிச்சுச் சொல்ல வேண்டியிருந்துச்சு. இத யாராவது தமிழ்ல, பாகக் கணக்கோட, நம்ம கடக்கரை ஆளுங்க மீனுக்கு சொல்ற பேரோட பண்ணினா எப்படி இருக்கும்னு அன்னைலேர்ந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. அதே தளத்துல இன்ஃபினிட் கிராஃப்ட், பாஸ்வேர்ட் கேம்னு வேற நெறைய இருக்கு, நல்லாத்தான் இருக்கும், நேரம் இருக்குறப்ப பாருங்க. எனக்கு டீப் சீ கிட்ட எதுவும் வரல.

ரெண்டாவது, ஜோஷ் வொர்த் 2014ல பண்ணின 'இஃப் த மூன் வேர் ஒன்லி 1 பிக்சல்'. நிலாவ ஸ்க்ரீன்ல ஒரே ஒரு பிக்சல், அதாவது ஸ்க்ரீனோட ஆகச் சின்னப் புள்ளின்னு வச்சுக்கிட்டா மொத்த சூரியக் குடும்பமும் எத்தன நீளம் வரும்? அத அப்படியே போட்டு வச்சிருக்காரு. இதுல பக்கவாட்டுல தள்ளணும். ஒரு பிக்சல் சுமார் 3,474 கிலோமீட்டர். சூரியன் 400 பிக்சல், வியாழன் 40, நம்ம பூமி நாலுகூட இல்ல. சூரியன்லேர்ந்து புளூட்டோ வரைக்கும் போகணும்னா கணக்குக்கு 17 லட்சம் பிக்சல் வருது. நடுவுல எல்லாம் கறுப்பு. வெறும் கறுப்பு. எங்கயாவது ஒரு வரி எழுதி வச்சிருப்பாரு, அதப் படிச்சதும் திரும்ப கறுப்பு. ஸ்கூல் புக்ல சூரியன்ல ஆரம்பிச்சு கோலிக்குண்டு மாதிரி வரிசையா அடுக்கி ஒரு படம் போட்டிருப்பாங்க இல்ல, அந்தப் படம் என் மண்டைக்குள்ள முப்பது வருஷமா இருந்துச்சு, இந்த ஒரு பக்கம் அத அழிச்சிருச்சு.

போன்ல பாக்காதீங்க, லேப்டாப்ல பாருங்க. பொறுமை இல்லாதவங்களுக்கு மேல கிரகத்தோட குறி எல்லாம் இருக்கு, தொட்டா நேரா அங்க போயிடலாம், ஆனா அப்படிப் பாத்தா இதுல ஒன்னுமே இல்ல. கீழ ஓரத்துல ஒளியோட வேகத்துல தானா நகர்றதுக்கு ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்குங்க. உலகத்துலயே வேகமான பொருள் இவ்வளவு மெதுவாவா போகும்னு தோணும்.

அக்கா பொண்ணு ஏழாங்கிளாஸ் படிக்கிறா, அவளையும் பக்கத்துல வச்சுக்கிட்டு அந்த பட்டன போட்டேன். மூணு நிமிஷம் கழிச்சு புதன் வந்துச்சு. ஆறாவது நிமிஷம் வெள்ளி. நடுவுல அவ எந்திரிச்சுப் போயி தண்ணி குடிச்சிட்டு வந்தா, ஸ்க்ரீன்ல ஒரு மாத்தமும் இல்ல. எட்டு நிமிஷம் தாண்டி பூமி வந்ததும் நிப்பாட்டினோம். பக்கத்துல தூசி மாதிரி ஒன்னு இருந்துச்சா, தாவணி நுனியால ஸ்க்ரீன தொடச்சா. போகல. திரும்பத் தொடச்சா.

"அதாம்மா நிலா"ன்னேன்.

மூஞ்சிய ஸ்க்ரீன் கிட்ட கொண்டு போயி பாத்தா. பூமிக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு விரல்கட கூட இல்ல. "ஆளுங்க இது வரைக்கும்தான் போயிருக்காங்களா மாமா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். சரி செவ்வாய் எங்க இருக்குன்னு பாக்குறேன்னு மவுஸ எடுத்துக்கிட்டு தள்ள ஆரம்பிச்சா, அக்கா சாப்பிடக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, வரல.